வெள்ளச்சி வழக்கோட கடைசித் தாளு

அந்த ஜன்னலச் சாத்திருங்க கண்ணு, மிஸ்ட் உள்ள வந்தா காயிதம் பூரா நமுத்துப்போயிரும். ஆமாங்க, நீங்க காலேஜுலிருந்து எழுதிக் கேட்ட வழக்கு இதுதான். தொட்டுப் பாருங்க, பரவால்ல. கூடலூர்ப் பக்கம் நெலத்தோட ஆளுகளையும் சேத்து வித்துட்டிருந்த காலத்துது.

இதையெல்லாம் அழிச்சுப்போடறதுக்கு ஒருக்கா வண்டியே வந்துருச்சுங்க. நாந்தான் போயி ஆபீசரம்மா முன்னால நின்னேன். ரெக்கார்டு ரூம் அட்டெண்டர் பேச்ச யாரு கேப்பாங்க? அவங்க கேட்டாங்க. பொறவு ஸ்கேன் பண்ற ஆளுக வந்தாங்க. இந்தக் கட்டு ஒட்டிக்கெடக்குது, பிரிச்சாக் கிழிஞ்சுரும்னு ஒதுக்கிட்டாங்க. அவங்க போனப்பறம் ஒவ்வொரு தாளா நானே பிரிச்செடுத்தேன். சில்வஸ்டர் வக்கீல்தான் இங்கிலீஸப் படிச்சுச் சொன்னாரு.

வெள்ளச்சின்னு ஒரு பொம்பளைங்க, பணியர்ங்கற பழங்குடி. மொதலாளி அவ பையன மட்டும் வேற எடத்துக்கு வித்துட்டான். இவ காட்டு வழியா நடந்தே வந்து, எம்புள்ளயக் குடுங்கன்னு கோர்ட்டுல நின்னுருக்கா. அவன் உன்ற மகன்னு யாரு சாட்சின்னு ஜட்ஜு தொர கேக்கறாரு. பெத்தப்ப மழ பேஞ்சுட்டிருந்துச்சு, கூட யாருமில்லைங்கறா. அதையும் அப்படியே எழுதி வெச்சிருக்காங்க பாருங்க.

தீர்ப்புங்களா? அந்தத் தாளு இல்லீங்க. இந்த ரூமுல நான் தேடாத கட்டே இல்ல. ஞாயித்துக்கெழமையும் வந்து தேடுவேன். ஊட்டுல யாரு இருக்கறா.

எதுக்கா? அவளுக்காச்சும் புள்ள கெடச்சுதான்னு தெரியோணும்ங்க.

அவளுக்காச்சும்னா சொன்னேன்? வாய்ல வந்துருச்சு. இல்லீங்க, அவ கதையோட என்னுதச் சேக்கக்கூடாது. அவள வெல பேசுனாங்க. என்னைய யாரும் விக்கல.

மாடில இப்ப பழைய சேரெல்லாம் போட்டு வெச்சிருக்காங்களே, அப்ப அதான் கோர்ட் ஹாலு. எம்பொண்ணு ஸ்ரீமதியக் கூப்புட்டு, யாருகூடப் போறேம்மான்னு ஜட்ஜ் கேட்டாரு. அவ போயி அவங்கப்பன் கையப் புடிச்சுக்கிட்டா. அப்பறம் வரவேயில்ல.

எங்க வழக்குக் கட்டும் இங்கதாங்க இருக்குது. உங்களுக்குப் பின்னால, ரெண்டாவது தட்டுல. நூல் போட்டுக் கட்டுனதும் நாந்தான். அத மட்டும் இன்னிக்கி வரைக்கும் பிரிச்சதில்லீங்க.