கயிற்றின் இந்த முனை

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். ரெங்கசாமி, வயது ஐம்பத்தாறு, ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணி, ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதும் வேலை. பெயருக்கு முன்னால் ‘இசைக்காவலர்’ என்று போடுவது வழக்கம், போடாவிட்டாலும் பாதகமில்லை. கோல சிலாங்கூர் வட்டாரக் கலைமன்றம் கொடுத்த பட்டம். மன்றத்தின் தலைவர் யார் என்று கேட்டுவிடாதீர்கள். நான்தான்.

படச்சுருளின் ஓரத்தில் ஒரு கை தெரிகிறது என்கிறீர்கள். பார்த்தேன், என் கைதான். கடிகாரமும் என்னுடையதே. ஆனால் கையை மட்டும் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. சன்னாசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சன்னாசி எங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவியவன். சுருதி அவன் வீட்டுப் பக்கமே போனதில்லை. ஒரு பழைய கித்தார், கவிழ்த்துப் போட்ட பால்வாளி, பீடிப்புகையில் வாட்டிய குரல், அவ்வளவுதான் கச்சேரி. மேடைக்குக் கைலியும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு வருவான். பாட்டையும் அவனே கட்டுவான். கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஏன் என்று தெரியாமல் அழுவார்கள். நானும் ஒருமுறை அழுதேன். அதை எழுத வேண்டாம்.

எண்பத்திரண்டில் ஒரு பாட்டுக் கட்டினான்:

“மழ வந்தா மரத்துப்பாலு நிக்குது,
எங்க கிராணி பேச்சு மட்டும் நிக்கலயே.”

தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் என் சைக்கிளுக்குப் பின்னால் பாடிக்கொண்டு ஓடினார்கள். என் மனைவி தங்கமணியே சோறு வடிக்கும்போது முணுமுணுத்தாள். நான் கோபப்படவில்லை. பெருந்தன்மையோடு அவனை வரச்சொன்னேன்.

“உன்னிடம் விஷயம் இருக்கிறது, தமிழ்தான் இல்லை. பாட்டுகளைக் கொடு, திருத்தித் தருகிறேன்.”

“வேணாம் கிராணி. நீங்க பாட்டுக்கு வேட்டி கட்டி, மாலையப் போட்டு உக்கார வெச்சிருவீங்க. அப்புறம் அது எந்திரிக்காது லா.”

“சார் என்று கூப்பிட்டால் வாய் தேய்ந்துவிடுமா?”

“எனக்கு நீங்க பாடமா சொல்லிக் கொடுத்தீங்க? காலைப் பெரட்டுல பேருதானே கூப்பிட்டீங்க.”

அதற்கும் நான் கோபப்படவில்லை.

அவன் ஒலிநாடா வந்தது. பாவா தன் சாப்பாட்டுக்கடையில் விடிந்ததிலிருந்து அதையே போட்டார். அப்புறம் கோலாலம்பூரிலிருந்து சோமு என்ற டைரக்டர் வந்து அவனைப் படத்தில் போட்டார். நடிப்பு என்று அவன் எதுவும் செய்யவில்லை. அவனாகவே வந்து நின்றான், ஜனம் கைதட்டியது. மூன்றாவது படத்தில் அவனே கதாநாயகன், பாட்டுகளும் அவனுடையவை. பத்திரிகைகள் ‘மக்கள் பாடகன்’ என்று எழுதின. எங்கள் மன்றத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசிக் காட்சி கம்போங் குவாந்தான் படித்துறையில். கதாநாயகன் ஆற்றில் மூழ்கிச் சாகிறான். சன்னாசிக்கு நீச்சல் தெரியாது. அதனால் இடுப்பில் ஒரு கயிறு, தண்ணீருக்கு அடியில். அதன் மறுமுனையைப் படித்துறைத் தூணுக்குப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். படத்துக்கு வட்டார ஆலோசகர் என்ற முறையில் நான் முன்வந்தேன். அவன் இரண்டு கையையும் தூக்கினால் இழுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அன்று காலை சோமுவிடம் ஒரு சிறிய திருத்தம் சொன்னேன். “தமிழன் தத்தளித்துச் சாகக்கூடாது. இரு கையையும் தலைக்குமேல் கூப்பி, மூன்று முறை கும்பிட்டுவிட்டு மூழ்கட்டும். அதுதான் பண்பாடு.” சோமுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பண்பாடு என்று சொல்லிவிட்டால் நம் ஆட்கள் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை.

சன்னாசி மட்டும் கேட்டான். “கும்புடவும் கையத் தூக்கி, காப்பாத்தச் சொல்லியும் கையத் தூக்குனா, உங்களுக்கு எப்படித் தெரியும் கிராணி?”

“வாயைத் திறந்து ‘சார்’ என்று கூப்பிடு. இழுத்துவிடுகிறேன்.”

விழுந்து விழுந்து சிரித்தான். “ஓ, அதுக்குத்தானா இவ்ளோ பெரிய ஆறு?”

கடல் வற்றி ஓதம் இறங்கும்போது அந்த ஆறு என்ன இழுப்பு இழுக்கும் என்று அன்றைய கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த நேரம் பார்த்து, பத்து மணிக்கு எடுக்கலாம் என்று சொன்னவனும் நானே.

கேமரா எதிர்க்கரையில் இருந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. முதல் கும்பிடு நடிப்பு. இரண்டாவது நடிப்பில்லை. ‘காய்ச்சல்’ என்று லீவு கேட்டு வந்து நின்ற முகங்களில் எது மெய், எது பொய் என்று முப்பது வருடம் பிரித்தவன் நான். எனக்கு வித்தியாசம் தெரியும்.

“சார்” என்றான்.

தெளிவாகக் கேட்டது. இன்னொரு தடவை சொன்னான். மூன்றாவது தடவை பாதி சொல் தண்ணீருக்குள் போய்விட்டது. ஐந்து வருடமாக எனக்கு வரவேண்டிய மரியாதை, இன்ஸ்பெக்டர். அவசரப்படாமல் கேட்டேன்.

கயிற்றை விட்டிருந்தால்கூட ஆறு அவனைக் கீழே நின்ற படகுகளிடம் கொண்டு சேர்த்திருக்கும். நான் இழுக்கவில்லை, விடவும் இல்லை. தூணில் காலை ஊன்றிப் பிடித்தபடி நின்றேன். கயிறு இறுக இறுகத் தண்ணீர் அவனை அமுக்கியது. சோமு ‘கட்’ சொன்னதும் எதிர்க்கரையில் எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகுதான் இழுத்தேன்.

‘கைதவறி’ என்று எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. அடித்துவிடுங்கள். என் கை தவறியதில்லை. கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். சுருதி தெரியாதவனிடம் எனக்கென்ன பொறாமை? இன்னொரு முறை அந்தக் கயிற்றைக் கொடுத்தாலும் அப்படித்தான் பிடிப்பேன். மொழியைக் காக்க ஒருவராவது வேண்டாமா?

இரங்கல் கூட்டத்துக்கு நான்தான் தலைமை. கூட்டம் முடிந்ததும் அவன் மனைவி கங்கா ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். இன்னும் ஒலிநாடாவில் வராத பாட்டுகள். “நீங்கதான் பார்த்து வெளிய கொண்டாரணும் சார்” என்றாள். நல்ல பெண்.

ஏழு மாதமாக உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். தோட்டத்தை விற்றபோது லயத்துச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போன குடும்பத்தைப் பற்றி ஒரு பாட்டு. ‘லோரி’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘சரக்குந்து’ என்று போட்டேன். தாளம் கொஞ்சம் இடிக்கிறது. ஆனால் இந்த முறை சன்னாசி ஒரு மறுப்பும் சொல்லவில்லை. அவனுக்கும் பிடித்துப்போயிற்று என்றுதான் நினைக்கிறேன்.