பின் சக்கரத்துக் காற்று

மாநிலம் பிரியும்போது எந்த ஊர் ஆந்திராவோடு, எந்த ஊர் சென்னையோடு என்று ரேணிகுண்டா ரயில் நிலைய டிக்கெட் வரிசையே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது அலுத்துவிட்டது. எனக்கு முன்னால் நின்றவர், பிரசவத்துக்காக நகரிக்குத் தாய் வீடு போகும் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்:

"நீ போயிட்டா நம்ம சைக்கிள்ல காத்து எறங்காது."

"அது எப்படி? டியூபைத் தண்ணியில முக்கிப் பாத்தும் ஓட்டை தெரியலன்னாரே கடைக்காரரு?"

"ஓட்டை ஏது? கேரியர்ல நீ குந்திக்கினு வரும்போது தூக்கிப் போடக் கூடாதுன்னு நான்தான் கொஞ்சம் எறக்கி வுடுவேன்."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ! காத்து இல்லாம மிதிக்கக் கஷ்டப்படுவீங்களேன்னு, நீங்க வேலைக்குப் போற அன்னிக்கெல்லாம் விடியறதுக்குள்ள நான் பம்பு அடிச்சி வெச்சேன்."

"நீயா? நம்ம வூட்ல தங்கியிருக்கிற உங்கண்ணன் அடிக்கிறாருன்னு இல்ல நெனச்சேன்! இந்த வயித்தோடயா அடிச்சே?"

"சத்தம் போடாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

சண்டை போட்டவர்களும் இப்போது கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ புள்ளையோட திரும்பி வர்ற அன்னிக்கு எவ்ளோ காத்து வெக்கிறது?"

அவர் யோசித்தார்.

"எவ்ளோ வேணா இருக்கட்டும். நீ புள்ளைய மடியில வெச்சிக்கினு குந்து. நான் ஏறவே மாட்டேன். வூடு வரைக்கும் தள்ளிக்கினே வர்றேன்."