அம்மாவின் இலை

பிறர் வீட்டுப் பேச்சு என்பதால் இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். இப்போது முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கோவையிலிருந்து திருப்பூர் வரும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அவர்கள் தாயாருக்கு முதல் வருடத் திதி.

"அக்கா, நம்ம அம்மா சோறு உண்டு நான் பாத்ததே இல்லீங்க" என்றான் தம்பி.

"இதென்ன கண்ணு திடீர்னு?"

"நேத்துக் கோயமுத்தூர்ல ஒரு பிரெஞ்சுப் படம் போட்டாங்க. தோட்டத்துல குடியிருக்கிற குடும்பம்ங்க. அப்பன், அம்மா, பொடிசுக எல்லாரும் ஒரே மேசையில உண்றாங்க. அந்தம்மா ரொட்டியப் பிச்சு வாயில போட்டுச் சிரிக்குது."

"பாஷை புரிஞ்சுதா உனக்கு?"

"சோறு உண்றதுக்குப் பாஷை எதுக்குங்க? நாளைக்கு இலையில அம்மாளுக்குப் புடிச்சதப் படைக்கோணும். என்ன புடிக்கும்னு சொல்லுங்க."

அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"நாமெல்லாம் உண்டு எந்திரிச்சப்பறம் சட்டியில என்ன மிஞ்சுச்சோ, அதத்தான் உண்டுச்சு. மிஞ்சினதையா கண்ணு படைக்கிறது?"

பேருந்து அவிநாசியைத் தாண்டியது.

"நாளைக்கு நீங்களாச்சும் எங்ககூட உக்காந்து உண்ணுங்கக்கா."

"அப்பறம் ஆரு கண்ணு பரிமாறுவா?"

தம்பி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இதை யாரிடமாவது சொல்வதானால், அவன் ஏதோ பதில் சொன்னதாகச் சேர்த்துவிடாமல், நான் கேட்டபடியே சொல்லுங்கள்.