ஏழு வாசலுக்கும் பதில்

என் கணவர் பவுசிரிஸுக்குக் காலையில் எழுந்ததும் பசி வந்துவிடும். அதனால் எந்த வேலையாக இருந்தாலும் அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வைத்துக்கொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான். பயற்றங்கஞ்சி, ஒரு வெங்காயம், முந்தின நாள் ரொட்டி. வயிறாரச் சாப்பிட்டார். இதை உங்கள் எழுத்தர் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். நான் அவரைப் பட்டினி போட்டதாக அவருடைய தங்கை தாபெஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

மூப்பரே, நீங்கள் ஆயரின் சார்பில் விசாரிக்க வந்தவர். உட்கார்ந்ததிலிருந்து எங்கள் மாடியில் கூடியவர்கள் யார் யார் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். என் கணவர் எப்படிச் செத்தார் என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டீர்கள். உங்கள் கவலை எது என்று எனக்குத் தெரிகிறது, அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. கோப்ரெஸின் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர் கழுதைகளை ஓட்டிக்கொண்டு பாலைவனப் பக்கம் போய்விட்டார். இனி உங்கள் கைக்கு அகப்பட மாட்டார்.

கோப்ரெஸ் என்பது குப்பைமேட்டில் கிடந்து, எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர். அவரும் அப்படி வந்தவர்தான். மேலே இருக்கிற வாசல்களைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். எங்கள் சாயப்பட்டறைக்கு மேலே ஒரு அறை உண்டு, அதில் கூடுவோம். கீழே தொட்டியில் சாய வேலைக்கான பழைய மூத்திரம் புளித்துக்கொண்டிருக்கும். அந்த நாற்றத்துக்கு எந்த ஒற்றனும் ஏணிப்படி வரைக்கும்கூட வர மாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் பெரிய கோவிலில் அப்பம் வாங்குவோம், சாயங்காலம் மாடி ஏறுவோம். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

உயிர் உடம்பை விட்டு மேலே போகும்போது வழியில் ஏழு வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலன், ஒரு கேள்வி. சரியான பதிலைச் சொன்னால் விடுவான். ஏழும் தாண்டினால் வெளிச்சம். ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்: இன்னொருத்தி வயிறு, இன்னொரு உடம்பு, மறுபடியும் முதலிலிருந்து இந்தப் பிழைப்பு. பதில்களை எழுதி வைக்கக் கூடாது, மனப்பாடமாக இருக்க வேண்டும். அவை என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் நான் பேசாமல் இருப்பேன், உங்கள் நேரம்தான் வீண்.

முதல் நாள் பாடம் கேட்டுவிட்டுக் கீழே இறங்கும்போதே பவுசிரிஸ் சிரித்தார். அவருடைய அப்பா தோயெரிஸ் தேவியின் கோவிலில் விளக்குத் தூக்கியவர், உங்கள் ஆட்கள் அந்தக் கோவிலைப் பூட்டும் வரைக்கும்.

"எங்கப்பா சொன்ன அதே வாசலுங்கதான் தாமுனி. காவக்காரனுங்க பேர மாத்திக்கிட்டானுங்க, அவ்வளவுதான்" என்றார்.

ஆனால் படித்தார். சாயம் போடுகிறவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. எங்கள் மாடியில் அவரைப் போல ஏழு பதிலையும் தங்குதடையில்லாமல் சொன்னவர் வேறு யாரும் கிடையாது. கோப்ரெஸே நடுவில் ஒரு இடத்தில் தடுமாறுவார். பவுசிரிஸ் சொல்லும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பெருமையாக இருக்கும். அந்த மனிதரை நான் எவ்வளவு நேசித்தேன் என்பதை நீங்கள் எழுதப்போவதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் தொட்டியில், சாயம் பிடிக்கவைக்கும் படிகாரத்தைப் போட மறந்தார். ஒரு கட்டு கம்பளி முழுவதும் சேற்று நிறத்தில் வெளியே வந்தது. தாபெஸைப் பார்த்து அம்மா என்றார். அவளுக்குக் கோபம், அவள் அவரைவிடப் பத்து வயது சின்னவள். வயதானால் இதெல்லாம் வருவதுதான் என்று இருந்துவிட்டேன். பட்டறையை நான் பார்த்துக்கொண்டேன். அவரையும் பார்த்துக்கொண்டேன். கொதிக்கிற தொட்டியில் கையை விடப் போவார், ஓடிப் போய் இழுப்பேன். கதவைத் திறந்துகொண்டு சந்தை வரைக்கும் போய்விடுவார், தேடிக் கூட்டிவருவேன். அலுப்பு என்று ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

என்னைக் கலங்கடித்தது வேறு. பாடத்தை ஒப்பிக்கும்போது மூன்றாம் காவலனின் கேள்விக்கு அவர் தோயெரிஸ் தேவியின் பெயரைச் சொன்னார், அப்பா கற்றுக்கொடுத்தது. நான்காமவனிடம் உங்கள் பெரிய கோவிலின் விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். இது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆறாமவனுக்கு, ஒரு பங்கு சாயத்துக்கு எவ்வளவு படிகாரம் என்று விளக்கினார். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். அப்போதெல்லாம் எங்களால் சிரிக்க முடிந்தது.

ஒரு நாள் "வாசலுக்குப் போயிருக்கீங்க, என்ன சொல்லுவீங்க" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"எந்த வாசலு? நம்ம வீட்டு வாசலா?" என்றார்.

அன்றைக்குச் சாயத்தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

கோப்ரெஸ் ஊருக்கு வந்ததும் போய்க் கேட்டேன். முன்பு நன்றாகத் தெரிந்திருந்து இப்போது மறந்துவிட்டால், அந்தப் பழைய படிப்புக்கு அங்கே ஏதாவது மதிப்பு உண்டா என்று. அவர் கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"சுங்கச்சாவடியில போன வருசம் கட்டினேன்னு சொன்னா விடுவானா, தங்கச்சி?" என்றார்.

பவுசிரிஸுக்குப் பதிலாக நான் படித்துக்கொண்டு சொல்லலாமா என்றேன்.

"அவரு வாய்தான் பேசணும். பக்கத்துல நின்னு எடுத்துக்கொடுக்க அங்க ஆளு கிடையாதும்மா."

அவர் வேண்டுமென்று கடுமையாகச் சொல்லவில்லை. கழுதை ஓட்டுகிறவர், சுங்கம் எப்படி என்று அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பவுசிரிஸை உட்காரவைத்துச் சொல்லவைத்தேன். சில நாட்கள் நாலு வாசல் வரைக்கும் போவார், சில நாட்கள் ஒன்றுகூட வராது. பதில் சொன்ன பிறகுதான் ரொட்டி என்று கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தேன். அதைத்தான் தாபெஸ் பட்டினி என்கிறாள். அதில் பலன் இல்லை என்று தெரிந்ததும் நானே விட்டுவிட்டேன். பசித்தால் அவருக்கு அழுகைதான் வந்தது, பதில் வரவில்லை.

நடுநடுவே நல்ல நாட்களும் வந்தன. நல்ல நாளில் அவர் பழைய பவுசிரிஸ். தொட்டியை எட்டிப் பார்த்து, "இதுக்குப் பேரு செவப்பா? மாட்டுச் சாணி இதவிட நல்லாருக்கும்" என்பார். அப்படி ஒரு நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவராகவே சொன்னார்:

"தாமுனி, இது மொத்தமா மறந்து தொலையறதுக்குள்ள போய்ச் சேந்துடணும்."

நான் இதைத்தான் அவருடைய சம்மதம் என்கிறேன். அதே மூச்சில், இந்த வருடம் அத்திப்பழம் தின்றுவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். அது பேச்சுவாக்கில் சொன்னது. அத்தி பழுக்கும் வரைக்கும் காத்திருந்தால் எத்தனை வாசல் மிஞ்சியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு, மூப்பரே. துணி எப்போது நிறம் பிடித்திருக்கிறதோ அப்போது அதைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று பாசம் பார்த்தால் துணியும் போச்சு, சாயமும் போச்சு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

அன்றைக்கு வந்தது அப்படி ஒரு காலை. முகம் தெளிவாக இருந்தது. கஞ்சி குடித்துவிட்டு, நான் கேட்காமலேயே, "என்ன, இன்னைக்குப் பாடம் இல்லையா?" என்று கேலியாகக் கேட்டார். ஒவ்வொரு வாசலாகக் கேட்டேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, தோயெரிஸ் தேவி நடுவில் வரவில்லை. ஏழுக்கும் சொல்லிவிட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முழுவதும் வந்திருக்கிறது. சாயங்காலம் இருக்குமா என்று தெரியாது.

படுங்கள் என்றேன். படுத்தார். சாகப்போகிறவர்களுக்குக் கோப்ரெஸ் செய்கிற மாதிரி எண்ணெயும் தண்ணீரும் கலந்து அவர் தலையில் ஊற்றினேன். குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். கம்பளி அடைத்த திண்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"தலைக்கா? அதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்றார்.

அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பிறகு கையால் கொஞ்சம் தடுத்தார். என் மணிக்கட்டில் இருக்கும் இந்தத் தடம் அதனால் வந்தது. அது அவர் செய்ததல்ல, உடம்பு செய்தது. உடம்பு எப்போதும் இங்கேயே கிடக்கத்தான் பார்க்கும் என்று எங்களுக்குப் பாடத்திலேயே உண்டு. நான் அவர் முகத்திலிருந்து திண்டை எடுக்கவில்லை. நடுவில் எடுத்தால் அந்தக் கலவரத்தில் ஏதாவது ஒரு பதில் விட்டுப் போகலாம்.

முடிந்ததும் அவர் தலையைத் துடைத்து வாரிவிட்டேன். பிறகு பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப்போனேன். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. யாரும் கதவைத் திறந்துகொண்டு போகவில்லை. தாபெஸ் வந்து எழுப்பும் வரைக்கும் தூங்கியிருக்கிறேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள், கடவுள் எங்கள் அண்ணனை எடுத்துக்கொண்டார் என்று சொல்லி அழுதாள். பொய்க்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இல்லை, நான்தான் அனுப்பிவைத்தேன் என்றேன். வந்தவர்களுக்கு வெங்காயமும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்த கையோடுதான் சொன்னேன். அதிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது வரைக்கும் உங்களுக்கே தெரியும்.

எதையும் மறைக்க எனக்குக் காரணம் இல்லை. ஆமாம், என் கணவரைக் கொன்றது நான். மாட்டுக்கும் கழுதைக்கும் செய்கிற மாதிரி அல்ல. ஒரு மனிதரைப் பயணம் அனுப்பும்போது வழிக்கு வேண்டியதெல்லாம் கையில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவோம் இல்லையா, அப்படி அனுப்பினேன்.

சற்று முன்னால் எழுத்தரைத் தண்ணீர் குடித்துவரச் சொல்லி வெளியே அனுப்பினீர்கள். அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நெஜமாவே ஏழு வாசலுக்கும் சொன்னாரா, யாரும் எடுத்துக்கொடுக்காம?" என்று கேட்டீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. சொன்னார். ஏழுக்கும் அவரே சொன்னார். ஐந்தாவதில் மட்டும் கொஞ்சம் நின்றார், என் முகத்தைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்தேன், அவ்வளவுதான். சத்தம் வரவில்லை. சத்தமே வராததை எடுத்துக்கொடுத்தது என்று எந்தக் காவலனும் சொல்ல மாட்டான்.