கூடைத் துணிக்கு அடியில்

ஊர் சுற்றிக் காட்டுகிற வேலைக்கு வாய்தான் முதலில் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை மேடம், நல்ல செருப்புதான் வேண்டும். பலெர்மோவின் கல் பாவிய சந்துகளில் மீன் கழுவிய தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வழுக்காத செருப்பு இல்லாதவன் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது. நான் வந்து பல வருடம் ஆகிறது, ஒரு நாளும் விழுந்ததில்லை. நிதானமான ஆள் என்றுதான் என்னைப் பற்றிச் சொல்வார்கள். இப்போது சொல்லப்போவதையும் நிதானமாகத்தான் சொல்லப்போகிறேன். இந்தப் போலீஸ் நிலையத்துக்கு யாரும் என்னைப் பிடித்து இழுத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் கஸ்பாரே. வெளியூர்க்காரர்களைப் பல்லாரோ சந்தைக்குள் கூட்டிக்கொண்டு போய், தெருச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்கிறவன். கடலைமாவில் சுட்ட பனெல்லே, அரிசி உருண்டையாகப் பொரித்த அரஞ்சினா, மண்ணீரல் வைத்த ரொட்டி என்று ஒவ்வொரு இடமாக நின்று, கடைசியில் ஒனோஃப்ரியோவிடம் வந்து முடிப்பேன். அவனும் நானும் ஒரே தெருவில் மூக்கு ஒழுகத் திரிந்தவர்கள். அவனுக்குக் கடை கிடையாது. ஒரு பிரம்புக் கூடை, அதன்மேல் ஒரு துணி, அவ்வளவுதான்.

கூடைக்குள் இருப்பது ஃப்ரித்தொலா என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கூட்டத்துக்குச் சொல்கிற மாதிரி சொன்னால், கன்றுக்குட்டியில் கசாப்புக்காரன் விற்க முடியாமல் விட்டதையெல்லாம் வேகவைத்து, பன்றிக் கொழுப்பில் வறுத்து, பிரிஞ்சி இலையும் மிளகும் குங்குமப்பூவும் போட்டது. அந்தத் துணியை யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்பது, விற்கிறவனின் தாயைப் பற்றிக் கேட்பதற்குச் சமம். விற்கிறவனும் குனிந்து பார்க்க மாட்டான். ஒனோஃப்ரியோ வாங்க வருகிறவர் முகத்தைப் பார்ப்பான், கை தானாகத் துணிக்குள் போகும், அந்த முகத்துக்கு எது பொருந்துமோ அதை ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் வைக்கும். "கண்ணு பொய் சொல்லும், என் கை பொய் சொல்லாது" என்பான். வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

நடந்து முடித்து ஊர் திரும்பியதும் அவர்கள் இணையத்தில் நாலு வரி எழுதுவார்கள். "கூடைக்கார மாமா அற்புதம்! வழிகாட்டி கொஞ்சம் அதிகம் பேசுகிறார்." இப்படி ஒருவர் எழுதினால் பரவாயில்லை. ஸ்வீடன்காரரும் அதையே எழுதினார், ஜப்பான்காரரும் அதையே எழுதினார். என் மனைவி நின்ஃபா அதையெல்லாம் காலையில் காப்பி குடிக்கும்போது சத்தமாக வாசித்துக் காட்டுவாள். நானும் சிரிப்பேன். அதற்காக எனக்கு அவன்மேல் கோபம் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வருத்தம்கூட இல்லை. வயிற்றில் லேசான ஒரு எரிச்சல், அதுவும் காப்பியினால் இருக்கலாம்.

உண்மையான காரணம் வேறு. இப்போதெல்லாம் என் கூட்டத்தில் பாதிப் பேர் கறி சாப்பிடாதவர்கள். மற்றவர்கள் சாப்பிட்டுச் சொக்கி நிற்கும்போது இவர்கள் ஓரமாக நின்று புறாவைப் பார்ப்பார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும். ஒரு நாள் ஒனோஃப்ரியோவிடம் கேட்டேன்.

"கறி சாப்பிடாதவங்களுக்கும் ஏதாச்சும் கொஞ்சம் தனியா வச்சா என்னப்பா?"

"கறி சாப்பிடாதவன் பலெர்மோவுக்கு எதுக்குடா வர்றான்? வெனிஸுக்குப் போகச் சொல்லு. தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்கட்டும்."

"அதுங்களும் பசியோடதானே வருதுங்க."

"அப்ப நீ பேசு வாத்தியாரே. உன் பேச்ச வயிறாரச் சாப்பிடட்டும். அதுல ஒரு துண்டுக் கறி கிடையாது."

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கசாப்புக்கார சவேரியோ கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். நகைச்சுவை என்றால் எனக்கும் பிடிக்கும்.

அன்று மாலை சந்தைக்குள் இருக்கும் தமிழர் கடைக்குப் போனேன். சிவநேசன் கடை உங்களுக்குத் தெரியும். அங்கே சோயாத் துண்டு பை பையாகத் தொங்கும். அது கறி மாதிரி இருக்குமா என்று கேட்டேன். "ஊறவைச்சு நல்லாப் பிழியோணும் அண்ணை. பிழியாட்டிப் பச்சை வாசம் போகாது" என்றார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. பிழியச் சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டில் பல தடவை செய்து பார்த்தேன். முதலில் செய்தது செருப்புத் தோல். அடுத்தது ஈரத் துணி. பிறகு கொதிக்கும் காய்கறிச் சாற்றில் பிரிஞ்சி இலையோடு ஊறவைத்து, பிழிந்து, ஆலிவ் எண்ணெயில் ஓரம் முறுகும்வரை விட்டு, குங்குமப்பூவை முதலில் போடாமல் இறக்குவதற்குச் சற்று முன்னால் போட்டேன். நின்ஃபா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "ஒனோஃப்ரியோகிட்ட வாங்கினதா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

ஒனோஃப்ரியோ காலையில் மூன்று சக்கர வண்டியில் கூடையைக் கொண்டு வந்து இறக்கிவிட்டு காப்பிக் கடைக்குள் போவான். நம் ஊர்க் கால்பந்து அணியைத் திட்டி முடிக்கும்வரை வெளியே வர மாட்டான். அதுவரை கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நம்பி விட்டுப் போகிற ஆள் நான்தான். முதல் நாள் ஒரு கைப்பிடி மட்டும் கலந்தேன். மறுநாள் கொஞ்சம் அதிகம். அவன் ருசி பார்க்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். கொழுப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதை அவன் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். கொஞ்ச நாளில் கூடை முழுக்க என்னுடையது. எடுத்த கறியைத் தேவாலயத்துப் பின்பக்கம் பூனைகளுக்குப் போட்டேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. அந்தப் பூனைகள் இப்போது சுவர் ஏற முடியாமல் கிடக்கின்றன.

சந்தை முழுக்கச் சாப்பிட்டது. தேவாலயத்துச் சாமியார் சாப்பிட்டார். சவேரியோ தினமும் சாப்பிட்டுவிட்டு, "இது கறி! இதுதான் கறி!" என்று தொடையில் தட்டினான். முகத்தைச் சுளிக்காதீர்கள் மேடம், அப்போது ஒரு சனிக்கிழமை நீங்களும் வந்தீர்கள். எலுமிச்சை பிழிந்து, இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கறி சாப்பிடாதவர்களுக்கு மட்டும் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னேன். கூடையில் பல வருடத்துக் கொழுப்பு ஊறியிருக்கும் என்பதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் அதிகம் பேசுகிறான் என்று எழுதுவார்கள்.

உத்ரெக்ட்டிலிருந்து வந்த ஃபெம்கே என்ற பெண் ஊருக்குப் போய், பலெர்மோவில் ஒரு கிழவர் ரகசியமாகக் கறியில்லாத ஃப்ரித்தொலா விற்கிறார் என்று படத்தோடு போட்டுவிட்டாள். அடுத்த வாரம் சுகாதாரத் துறை ஆள் வந்தார். வடக்கத்திக்காரர். சந்தை நடுவில், எல்லோர் முன்னிலையிலும், துணியைத் தூக்கினார். பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். அவர் ஒரு துண்டை எடுத்துப் பிய்த்தார், முகர்ந்தார், "இதில் இறைச்சியே இல்லை" என்றார்.

ஒனோஃப்ரியோ வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூடைக்குள் குனிந்து பார்த்தான். அப்புறம் தன் கையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை. சரி, ஆள் விழப்போகிறான் என்று நினைத்தேன், பிடிப்பதற்குக்கூடத் தயாராக நின்றேன். அவன் விழவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"நான்தான் வச்சேன். வேணும்னேதான் வச்சேன். உங்கள்ல ஒருத்தனுக்காச்சும் தெரிஞ்சுதா?"

தெரியவில்லை என்று சொல்கிற ஆள் பல்லாரோவில் உண்டா? சவேரியோதான் முதலில் தொண்டையைச் செருமினான். "எனக்கு மொத நாளே தெரியும் மாமா. நீங்க எப்ப சொல்றீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." சாமியார் தனக்கு அதற்கும் முன்பே தெரியும் என்றார். அரை மணி நேரத்தில், ஏமாந்த ஆள் ஒருவர்கூட இல்லை. ஏமாற்றியவன் என்று ஒருவன் இருப்பதற்கே அங்கே வழியில்லாமல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஒனோஃப்ரியோ என் வீட்டுக்கு வந்தான். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். சமையலறையில் உட்கார்ந்து, வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தான், அது வேறு யாருடையதோ என்பது போல.

"இது எங்கிட்டச் சொல்லலடா கஸ்பாரே," என்றான். "இத்தன நாளும் உள்ள போயிட்டு வந்துச்சு. ஒரு வார்த்த சொல்லல."

அழுதான் மேடம். குலுங்கிக் குலுங்கி அழுதான். காப்பி போட்டுக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அதையே விற்றாக வேண்டும், ஆனால் அவனுக்குச் செய்யத் தெரியாது. பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிக் கொடுத்தேன், குங்குமப்பூ உட்பட.

"ஊருக்குத் தெரிஞ்சா நான் கூடையத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு நானும் குதிச்சிடுவேன்," என்றான். "வாயத் தொறக்க மாட்டேன்னு நம்ம ஊரக் காக்குற புனித ரொசாலியா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அப்போது மனதாரத்தான் பண்ணினேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வரிசை காப்பிக் கடையைத் தாண்டிப் போகிறது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அவன் செத்துப்போன அப்பாவுக்கு நன்றி சொன்னான், மனைவிக்குச் சொன்னான், புனித ரொசாலியாவுக்குச் சொன்னான். நான் காமிராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அவன் நன்றி சொல்ல முடியாது என்று எனக்கே தெரியும், சத்தியம் அப்படி. இருந்தாலும் ஒரு தலையசைப்பு செய்திருக்கலாம். போன மாதம் சந்தை முனையில், இரண்டு ஆள் உயரத்துக்கு, அவனுடைய கையைச் சுவரில் வரைந்தார்கள். கை மட்டும்தான். என் கூட்டத்தை அங்கே நிறுத்திப் பேச ஆரம்பித்தேன். ஒரு அம்மாள் படம் எடுக்கப் போனவள், "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா, கைய மறைக்கிறீங்க" என்றாள். நான் தள்ளி நின்றேன். அன்றிலிருந்துதான் என் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? இதில் குற்றம் என்று எதுவும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்கிறீர்கள். நம்பி விட்டுப் போன கூடையில் கை வைத்தேன், ஊரையே ஏமாற்றினேன், புனிதையின் மேல் செய்த சத்தியத்தை உங்கள் முன்னால் இதோ உடைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் என்ன வேண்டும்?

"இத நான் எழுதி வெளிய போச்சுன்னா அந்த மனுசன் இனிமே சந்தையில தலை காட்டுவாரா? கடல்ல குதிப்பேன்னு அவரே சொல்லியிருக்காருங்கறீங்க" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதை நினைத்து இரண்டு இரவு நான் தூங்கவில்லை. மூன்றாவது இரவு நன்றாகத் தூக்கம் வந்தது. ஒனோஃப்ரியோ பேச்சுக்குச் சொல்கிறவன். அப்படியே குதித்தாலும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் நீந்தத் தெரியும். அவனுக்காக என்னைவிட வருத்தப்படப்போகிறவர் யாரும் இல்லை. ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

ஆகவே எழுதுங்கள். அந்தக் கைக்கு எதுவும் தெரியவில்லை. சாறு, எண்ணெய், பிரிஞ்சி இலை, எல்லாம் என்னுடையவை. குங்குமப்பூவைக் கடைசியில் போடுவது என் சொந்த யோசனை, அதைத் தனி வரியாக எழுதினால் நல்லது. பேர் வாங்கவேண்டும் என்ற ஆசை எனக்குத் துளியும் கிடையாது, பாரத்தை இறக்கிவைக்கத்தான் வந்தேன். அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்துவிடுங்கள் மேடம். இன்றைய கூட்டத்தை வெளியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன், பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.