கை பிடிக்கும் வேலை

என் கை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதனால்தான் கண்புரை ஆபரேஷனில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவதும் நான்தான்.

அன்று படுத்திருந்தவர் ஒரு தையல்கார அம்மா.

"ஊசியில நூல் நுழைய மாட்டேங்குதும்மா. மருமகதான் கோத்துத் தர்றா. கூடவே நாலு வார்த்தையும் கோத்துத் தர்றா" என்று சிரித்தார்.

"வலிச்சா என் கையை அழுத்துங்க, டாக்டர்கிட்ட நான் சொல்றேன். தலையை மட்டும் ஆட்டிடாதீங்க, கண்ணு போயிடும்" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

சொட்டு விட்டேன். கண் மரத்தது. அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர், கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்த விருந்தாளிகளுக்காக மைக்கில் பேச ஆரம்பித்தார். ஊசி இல்லை, வலி இல்லை என்பதுதான் விஷயம். அதை, தான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தொடங்கிச் சொன்னார். சொட்டு மருந்துக்கு மேடை மரியாதை தெரியாது. தன் நேரம் முடிந்ததும் அது பாட்டுக்குக் கிளம்பிவிடும். கைதட்டல் ஓய்வதற்குள் அது போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். 'இன்னொரு சொட்டு விட்டுடறேன் சார்' என்று சொல்ல வேண்டும். மைக் இன்னும் அவர் சட்டையில் இருந்தது. முன்பு ஒருமுறை இப்படிக் குறுக்கே பேசிய நர்ஸ் இப்போது சலவை அறையில் அழுக்குத் துணி எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை.

கத்தி பட்டதும் அந்த அம்மா என் கையை அழுத்தினார். கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த விரல்கள், நல்ல பிடி.

நான் திருப்பி அழுத்தினேன். ஆறுதலுக்குத்தான். டாக்டரிடம் சொல்லியாயிற்று என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்; பேசாமல் கிடந்தார். மறுபடி அழுத்தினார். நானும் அழுத்தினேன்.

"பாருங்க, முகத்துல ஒரு சுளிப்பு இருக்கா?" என்று டாக்டர் விருந்தாளிகளைக் கேட்டார். முகத்தைத் துணி மூடியிருந்தது.

பிறகு, ஒரே ஒரு தடவை, தலை அசைந்தது.

அந்தக் கண்ணுக்குப் பார்வை வரவில்லை.

"அவங்க அசைஞ்சிட்டாங்க, நாம என்ன பண்றது?" என்றார் டாக்டர்.

"ஆமா சார்" என்றேன். அது பொய்யில்லை.

வீட்டுக்குப் போகும்போது அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். "உன் மேல தப்பில்லம்மா. நீயும் டாக்டர்கிட்ட சொல்லிச் சொல்லித்தான் பார்த்த. எனக்குத்தான் தாங்கிக்கத் தெரியல" என்றார். பரவாயில்லை என்றேன்.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். மருந்து தீர்ந்தது தெரியும். வலித்தது தெரியும். வாயைத் திறக்காதது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசிவரை அவர் கையை நான் விடவே இல்லை.