பெரியக்கா ஏறிய மாடி

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன், ஐயா. ஜன்னல் வெளிச்சம் நேரே கண்ணில் அடித்தால் யாருக்கும் பேச்சு கோர்வையாக வராது. பதினோரு வருடமாக மனிதர்களைப் பேச வைத்தே பிழைப்பு நடத்தியவன் நான், அதனால் சொல்கிறேன்.

தொலைக்காட்சியில் ஞாயிறு காலை அரை மணி நேரம் கலைஞர்களைப் பற்றி ஒரு தொடர் வருகிறதே, அது என்னுடையது. ஓவியர், பாடகர், நாடகக்காரர் என்று வாரம் ஒருவர். நல்ல நிகழ்ச்சி என்று எல்லாரும் சொல்வார்கள். பார்க்கத்தான் மாட்டார்கள்.

நிகழ்ச்சிப் பிரிவின் தலைவர் என் அக்காவின் கணவர். போன வருடம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“மாப்ள, தப்பா நினைக்காத. உன் நிகழ்ச்சிய உன் அக்காவே பார்க்கறதில்ல. அந்தப் புல்லாங்குழல்காரர் ஒளிபரப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி செத்துப்போனாரே, அந்த வாரம் மட்டும்தான் ஊரே பார்த்துச்சு. இன்னும் மூணு வாரம் ஓட்டு. அப்புறம் மூடிடறோம்.”

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. உள்ளதைத்தான் சொன்னார். என் கையில் என்ன இருந்தது? கேமராக்காரர், ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், உதவியாளர் என்று என்னை நம்பி நாலு குடும்பம். எனக்கும் வேறு வேலை தெரியாது.

மூன்றாவது வாரம் பெரியக்கா. ஐம்பத்தெட்டு வயது. பழைய கிடங்கு ஒன்றை அரங்கமாக்கி முப்பது வருடமாக நாடகம் போடுகிறவர். எழுதுவது, நடிப்பது, விளக்குக் கட்டுவது எல்லாம் அவரேதான். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் பெரியக்காதான். முதல் நாள் போனபோதே, “தம்பி, மொதல்ல சாப்பிடு. மூஞ்சி வாடிக் கெடக்கு, அப்புறம் கேள்வி கேட்கலாம்” என்றார். என் அக்காகூட என்னிடம் அப்படிப் பேசி வருடக்கணக்காகிறது.

புது நாடகத்துக்காக மேடை மேல் பலகையால் ஒரு மாடி கட்டியிருந்தார்கள். இரண்டு ஆள் உயரம், நாலு மரக்கால். கடைசிக் காட்சியில் தாய் அங்கே நின்று, வீட்டைவிட்டுப் போகிற மகனிடம் பேச வேண்டும். படப்பிடிப்பின் கடைசி நாள் பிற்பகல் அதை எடுப்பதாக ஏற்பாடு. பெரியக்கா ஒப்பனை அறையில் இருந்தார். தச்சர் என்னிடம் வந்தார்.

“சார், முன்னாடி கால் ஒண்ணு விரிசல் விட்டிருக்கு. பட்டறைக்குப் போய் மரம் எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் யாரையும் ஏற விடாதீங்க. பெரியக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“சொல்லிடறேன்” என்றேன்.

பாவம், பொறுப்பானவர். ஏணியில் ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிட்டுத்தான் போனார். கேமரா வழியாகப் பார்த்தபோது அந்தச் சிவப்பு கண்ணை உறுத்தியது. அவிழ்த்து என் பையில் வைத்துக்கொண்டேன். படம் பிடிக்கிற எவரும் அதைச் செய்திருப்பார்.

பெரியக்கா வந்தார். ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றார்.

“தச்சர் எங்க, தம்பி? காலையில ஏதோ ஒரு காலைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு இருந்தாரே. ஏறலாமா?”

“ஏறுங்கக்கா. எல்லாம் பார்த்துட்டுத்தான் போனார்” என்றேன்.

அதுவும் பொய்யில்லை. பார்த்துவிட்டுத்தான் போனார்.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. நன்றாகவே செய்தார். இன்னொரு தடவை கேட்டேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவைக்கு முன்னால் இரண்டாவது கேமராவைத் தரையோடு வைத்து, அந்த முன்கால் தெரிகிறமாதிரி சரிசெய்தேன். “விளிம்பு வரைக்கும் வாங்கக்கா, முகம் இருட்டுல இருக்கு” என்றேன். சலிப்பில்லாமல் வந்தார். சொன்னதைக் கேட்கிற நடிகர்கள் குறைவு, ஐயா.

அவர் விழுந்ததை நாங்கள் ஒளிபரப்பவில்லை. எங்களுக்கும் ஒரு நாகரிகம் உண்டு. மரக்கால் முறிகிற இடத்தோடு படத்தை நிறுத்திவிட்டோம். சத்தத்தை மட்டும் விட்டுவைத்தோம். அந்த ஞாயிறு ஊரே பார்த்தது. தொடர் இன்றைக்கும் ஓடுகிறது. நாலு வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

பழி தச்சர் மேல் விழுந்தது. என்னிடம் சொல்லிவிட்டுப் போனதாக எல்லாரிடமும் அழுது பார்த்தார். என் காதில் விழவில்லை என்றேன். யார் நம்புவார்கள் அவரை? துணி கட்டினேன் என்கிறார், அங்கே துணியே இல்லை. அவர் மனைவி அலுவலக வாசலில் இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனாள். என்னால் என்ன செய்ய முடியும்?

பெரியக்கா இப்போது மகள் வீட்டில் படுத்திருக்கிறார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. தலையிலும் அடி, பேச்சும் போய்விட்டது. வாரா வாரம் பழம் வாங்கிக்கொண்டு போகிறேன். கேமராவும் வரும், அடுத்த பாகம் எடுக்க வேண்டுமே. நான் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகிறவரை அவர் கண் என் மேலேயே இருக்கும். “அம்மா வேற யாரையும் இப்படிப் பார்க்கறதில்லண்ணா” என்று மகள் சொன்னாள். அவ்வளவு ஒட்டுதல்.

போன வாரம் டாக்டர் சொன்னார், நாக்கு அசைய ஆரம்பித்துவிட்டதாம். ஒரு மாதத்தில் ஒன்றிரண்டு வார்த்தை வந்துவிடுமாம். அதைக் கேட்டதும்தான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனைத் தேடி வந்தேன். அந்த நிலைமையில் அவரைக் கஷ்டப்படுத்துவானேன், நானே சொல்லிவிடலாம் என்று. அந்த மரக்கால் முறியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்று தடவை ஏற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி, ஐயா. அவர் வாய் திறக்கிற அன்று என் கேமராக்காரரை உள்ளே விடச் சொல்லுங்கள். முதல் வார்த்தையே என்னைப் பற்றித்தான் இருக்கும். வேறு யாராவது எடுத்தால் அதைக் கெடுத்துவிடுவார்கள்.